குறை சொல்லிக் கொடுக்கவும்

"எனக்கு உன் சத்தம் கேக்கலப்பா" என்று டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து டைம் கீப்பர் மூன்றாவது முறையாகச் சொன்னபோது கண்ணாடிக் கடைக்காரருக்கு வருத்தம் வந்திருக்க வேண்டும். வந்தது சந்தோஷம்.

பேஸ் கிடார் வாசிக்கிற ஒருவரிடம் போய் 'கேக்கல' என்று சொல்வது, போய்ப் புதுசாக ஒன்று கொண்டுவா என்று உத்தரவு எழுதிக் கொடுப்பது மாதிரி. அந்த உத்தரவுக்காகத்தான் பேஸ் வாசிக்கிறவர்கள் வருஷக்கணக்காகக் காத்திருக்கிறார்கள்.

"சின்ன ஆம்ப்ளிஃபயர், அதான். பெருசு ஒண்ணு போட்டா சரியாயிடும்" என்றார் கண்ணாடிக் கடைக்காரர், முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு.

"எதையாவது பண்ணுங்க சார். ஏதோ ஒண்ணு இடிக்குது. பாட முடியல" என்றார் டீச்சர்.

மொத்தம் நான்கு பேர். பாடுவது டீச்சர், பள்ளிக்கூடத்தில் துணைத் தலைமையாசிரியை. கிடார் லிஃப்ட் மெக்கானிக். டிரம்ஸ் அடிப்பவர் பேருந்து நிலையத்தில் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது என்று நோட்டில் எழுதுகிற உத்தியோகம். வேலை நேரத்திலும் அதிகம் பேசமாட்டார், வெளியிலும் பேசமாட்டார். நான்காவது ஆள் நம் கண்ணாடிக் கடைக்காரர். நான்கு தடித்த கம்பிகளில் 'தும் தும்' என்று கீழ்ச்சுருதியைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்பவர்.

பதினோரு வருஷமாக ஞாயிறு மாலைகளில் லிஃப்ட் மெக்கானிக்கின் கிடங்கில் வாசித்தார்கள். தாழ்ந்த கூரை, பழைய மோட்டார்கள், கை நீட்டினால் இன்னொருவர் மேல் படும் இடம். ஒரு தடவைகூட மேடை ஏறியதில்லை. இந்த வருஷம்தான் டீச்சர் எப்படியோ தலைமையாசிரியரிடம் பேசி, பள்ளி ஆண்டு விழாவில் அரை மணி நேரம் வாங்கியிருந்தார். அதற்காகப் பயிற்சியைப் பள்ளி அரங்கத்துக்கு மாற்றினார்கள். அறுநூறு நாற்காலி போடுகிற இடம். அங்கே கண்ணாடிக் கடைக்காரரின் சின்ன ஆம்ப்ளிஃபயர் மூலையில் உட்கார்ந்து இருமியது.

விழாவுக்கு ஒன்பது வாரம் இருந்தது. அதற்குள் சரியாக வாசிக்காவிட்டால் வெளியிலிருந்து ஒரு குழுவை அழைத்துவிடுவதாகத் தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். நாற்பத்தாறு வயதில் முதல் மேடை. கண்ணாடிக் கடைக்காரர் அதை யாரிடமும் சொல்லவில்லையே தவிர, குளிக்கும்போது, கடை திறக்கும்போது, வந்தவர் கண்ணுக்கு நேராக லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்கும்போதெல்லாம் அந்த மேடையில்தான் நின்றுகொண்டிருந்தார்.

அவர் 'கீழ்ச்சுருதி' என்கிற வாட்ஸப் குழுவில் இருந்தார். ஊரிலுள்ள பேஸ் கிடார் பிரியர்கள் நாற்பத்து மூன்று பேர். இவர்கள் எதையும் வாங்குவதில்லை, விற்பதில்லை. மாற்றிக்கொள்வார்கள். நாற்பத்து மூன்று பேரும் இனி இதற்குக் காசு செலவழிப்பதில்லை என்று வீட்டில் சத்தியம் செய்து கொடுத்தவர்கள். "வாங்கல, மாத்தினேன்" என்ற வாக்கியம் நாற்பத்து மூன்று வீடுகளிலும் ஒலித்துக்கொண்டிருந்தது.

குழுவுக்கு ஒரே ஒரு சட்டம். கொடுக்கிற பொருளின் குறை ஒன்றை உண்மையாகச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். யாரோ ஒருவர் ஒரு காலத்தில் கழுத்து வளைந்த கிடாரை இன்னொருவர் தலையில் கட்டி, அதில் குழுவே உடையப் பார்த்ததால் வந்த சட்டம் அது. குழுவை நடத்துகிறவர் ஓய்வுபெற்ற நீதிமன்ற எழுத்தர். "குறை எங்கே?" என்று அவர் ஒரு வரி போட்டால், எழுதாமல் தப்ப முடியாது. அதனால் குழுவில் வருகிற விளம்பரங்களெல்லாம் இப்படித்தான் இருக்கும்: 'அருமையான ஸ்பீக்கர். குறை: பக்கத்து வீட்டு நாய்க்குப் பிடிக்கவில்லை.'

கண்ணாடிக் கடைக்காரருக்கு மறுநாளே பெரிய ஆம்ப் கிடைத்தது. கொடுத்தவர் கால்நடை மருத்துவர். குறை என்ற இடத்தில் ஒரே வார்த்தை எழுதியிருந்தார்: 'கனம்.'

"இதெல்லாம் ஒரு குறையா!" என்று சிரித்துக்கொண்டே போனார் கண்ணாடிக் கடைக்காரர். மருத்துவர் அதை நோயாளி மாடுகளை ஏற்றுகிற வண்டியில் வைத்திருந்தார். அப்போதாவது யோசித்திருக்கலாம். வீட்டு வாசலில் தனியாகத் தூக்கினார். இடுப்பில் 'டக்' என்று ஏதோ கேட்டது.

"என்னங்க அது?" என்றாள் மனைவி.

"வாங்கல. மாத்தினேன்" என்றார், குனிந்த வாக்கிலேயே.

"நான் கேட்டது இடுப்புல வந்த சத்தத்தை."

"அதுவும் மாறிடுச்சு."

அடுத்த ஞாயிறு இடுப்பில் பெல்ட்டோடு நாற்காலியில் உட்கார்ந்து வாசித்தார். அரங்கத்தின் ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன.

"இப்ப கேக்குதா?" என்றார் பெருமையாக.

"கேக்குது. நல்லாவே கேக்குது" என்றார் டைம் கீப்பர். அவர் முகம் ஏனோ அத்தனை தெளிவாக இல்லை.

பாட்டு பாதி போனதும் டீச்சர் கையைக் காட்டி நிறுத்தினார். "போன வாரம் ஏதோ இடிக்குதுன்னு சொன்னேன்ல? இந்த வாரம் நல்லாத் தெளிவா இடிக்குது."

இடுப்பு வலியில் கை ஒழுங்காக நகரவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கோளாறு தன் உடம்பில் இருக்கக்கூடும் என்று 'கீழ்ச்சுருதி' குழுவில் யாரும் இதுவரை யோசித்ததில்லை. ஆம்ப் பெரிசாகிவிட்டது, அதற்கு இந்தப் பழைய கிடார் ஈடு கொடுக்கவில்லை. கண்ணாடிக் கடைக்காரருக்குக் காரணம் உடனே புரிந்துவிட்டது.

அன்றைக்கே குழுவில் எழுதினார். ஐந்து கம்பி பேஸ் ஒன்று ஆடிட்டரிடம் இருந்தது. இவருடைய நான்கு கம்பியைக் கொடுத்து அதை எடுத்துக்கொள்வதென்று முடிவானது. குறை எழுத உட்கார்ந்தார். கல்யாணத்துக்கு முன்பு வாங்கியது, பதினெட்டு வருஷம் கையில் இருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் தோன்றவில்லை.

"குறை எங்கே?" என்று நீதிமன்ற எழுத்தர் போட்டார்.

"ஒண்ணும் இல்ல சார்."

"குறையில்லாத பொருளுக்கு இங்கே அனுமதியில்லை."

கடைசியில், 'குறை: என் கைக்குப் பழகிவிட்டது' என்று எழுதினார். எழுதிவிட்டுக் கிடாரை ஒரு தடவை துடைத்து உறையில் போட்டார். மனசு கஷ்டமாகத்தான் இருந்தது.

ஐந்து கம்பி பேஸில் கூடுதல் கம்பி எல்லாவற்றுக்கும் மேலே, கட்டைவிரல் பக்கம் இருக்கிறது. பதினெட்டு வருஷமாக மேலே இருப்பதுதான் முதல் கம்பி என்று நம்பிய விரல்கள் நேராக அங்கேதான் போயின. வாசித்ததெல்லாம் ஒரு வரிசை தள்ளி விழுந்தது. தப்பு என்று தெரிந்து, தேடி, சரியான கம்பிக்கு வந்து சேரும்போது பாட்டு அடுத்த இடத்துக்குப் போயிருந்தது.

டீச்சர் நிறுத்தினார். லிஃப்ட் மெக்கானிக் நிறுத்தினார். டிரம்ஸ் மட்டும் தயங்கித் தயங்கி இரண்டு அடி அடித்துவிட்டு நின்றது.

டீச்சர் டிரம்ஸ் பக்கம் திரும்பினார். எங்காவது தாளம் இடித்தால் எல்லோரும் முதலில் டிரம்ஸைத்தான் பார்ப்பார்கள்.

"சார், நீங்க பஸ்ஸுக்கே நேரம் பார்க்கிறவர். இதைக் கொஞ்சம் பார்த்துக்கக்கூடாதா?"

"பார்த்துக்கிறேன் மேடம்" என்றார் டைம் கீப்பர்.

கண்ணாடிக் கடைக்காரர் அந்த நேரம் பார்த்துக் குனிந்து, சரியாகவே இருந்த ஒரு கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தார். அந்தக் கம்பி அறுந்தது.

ஆறு வாரம்தான் மீதி. இனி ஊகம் வேண்டாம், சோதனை செய்துவிடலாம் என்று முடிவு செய்தார். இரண்டு ஞாயிற்றுக்கிழமைப் பதிவுகளும் போனில் இருந்தன. நான்கு கம்பி ஒன்று, ஐந்து கம்பி ஒன்று. புதன்கிழமை கடைக்கு ஒரு தையல்கார அம்மா வந்திருந்தார். லென்ஸ் செருகுகிற சோதனைச் சட்டகத்தை மூக்கில் மாட்டி உட்கார வைத்துக் கண் பரிசோதனை முடித்ததும், அதைக் கழற்றாமலே கேட்டார்.

"அம்மா, இந்தச் சத்தம் தெளிவா, அந்தச் சத்தம் தெளிவா?"

அந்த அம்மா இதுவும் பரிசோதனையில் சேர்ந்தது என்று நினைத்துக் கவனமாகக் கேட்டார். "இன்னொருவாட்டி போடுங்க சார்." போட்டார். "ரெண்டும் ஒண்ணுதான். ரெண்டுலயும் அந்த 'தும்' கொஞ்சம் பிந்தி வருது."

"எதைவிடப் பிந்தி?"

"பாட்டைவிட. முப்பது வருஷமா மெஷின் மிதிக்கிறேன் சார், ஊசி ஒரு இழை பிந்தினாலும் எனக்குக் காதுல தெரியும். யாரு அது, பாவம்?"

"யாரோ" என்றார் கண்ணாடிக் கடைக்காரர்.

மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கிடங்கில் எடுத்த பழைய பதிவுகளைத் தேடிப் போட்டார். மூன்று வருஷத்துக்கு முந்தையது, ஏழு வருஷத்துக்கு முந்தையது. எதிலும் எதுவும் இடிக்கவில்லை. இதமாக இருந்தது. இதுதான் அவருக்குப் புரியவில்லை. பிறகு, டிக் டிக் என்று தாளம் காட்டுகிற மெட்ரோனோம் பெட்டி ஒன்றைக் குழுவில் ஒருவரிடமிருந்து மாற்றிக்கொண்டு வந்தார். 'குறை: பொய் சொல்லாது' என்று எழுதியிருந்தார் கொடுத்தவர். அதோடு சேர்ந்து வாசித்துப் பார்த்தார். டிக் வந்தது, கொஞ்சம் கழித்து தும் வந்தது. எந்தப் பாட்டை எடுத்தாலும் அப்படித்தான். வேகமாக வைத்தால் வேகமாகப் பிந்தினார், மெதுவாக வைத்தால் மெதுவாகப் பிந்தினார்.

அவருக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. பதினோரு வருஷம்! கிடங்கின் எதிரொலி இத்தனை நாள் மறைத்திருக்கிறது, அரங்கம் காட்டிக்கொடுத்துவிட்டது என்று எண்ணிக்கொண்டார். ஆம்ப் மேல் குறை, கிடார் மேல் குறை, கம்பி மேல் குறை. வாசிக்கிற ஆளின் குறையை எழுத அந்தக் குழுவில் இடமே இல்லை என்பது அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது. டைம் கீப்பரை நினைக்கும்போது இன்னும் மோசமாக இருந்தது. தன் தப்புக்கு அவன் பேச்சு வாங்கிவிட்டு, 'பார்த்துக்கிறேன் மேடம்' என்று தலையைக் குனிந்துகொண்டிருந்தான்.

சொல்லிவிட வேண்டும். சொல்லத்தான் வேண்டும். ஆனால் முதலில் சரி பண்ணிவிட்டு, அப்புறம் சொன்னால் மரியாதையாக இருக்கும்.

ஆடிட்டருக்குப் போன் செய்து, பழைய கிடாரைத் திருப்பித் தர முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"இன்னிக்கே வந்து எடுத்துக்கிட்டுப் போங்க சார்! வீட்டம்மா கம்பியை எண்ணிட்டாங்க. அஞ்சு கம்பியைக் குடுத்துட்டு நாலு கம்பி வாங்கிட்டு வந்திருக்கீங்களே, நீங்கல்லாம் ஊர்க் கணக்கைப் பார்க்கிறீங்களான்னு ஒரு வாரமா சாப்பாடு போடும்போதெல்லாம் கேக்கறாங்க."

அடுத்த நான்கு வாரம் மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்கப் பாதி இறங்கிய ஷட்டருக்குப் பின்னால் டிக் டிக் கேட்டது. ஞாயிறுகளில் இடுப்பு வலி என்று லீவு போட்டார். இடுப்பு என்னவோ இரண்டாவது வாரமே சரியாகிவிட்டது. விரலில் கொப்புளம் வந்து காய்ந்தது. முதல் வாரம் பிந்தினார். இரண்டாவது வாரம் முந்தினார். மூன்றாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை டிக்கும் தும்மும் ஒன்றாக விழுந்தன. பெட்டி நின்றுவிட்டதோ என்று பார்த்தார். ஓடிக்கொண்டுதான் இருந்தது. கடையில் யாருமில்லாததால் தானே தன் தோளைத் தட்டிக்கொண்டார்.

விழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அரங்கத்துக்குத் திரும்பினார். டைம் கீப்பர் குச்சிகளைத் தட்டி ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணினார். கண்ணாடிக் கடைக்காரர் நேரத்துக்கு, அச்சாக, மயிரிழை பிசகாமல் உள்ளே நுழைந்தார்.

இத்தனை வாரத்தில் அப்படி ஒரு இடி இடித்ததே இல்லை.

"என்னய்யா இது, லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நின்ன மாதிரி இருக்கு!" என்று கத்தினார் லிஃப்ட் மெக்கானிக்.

மறுபடி ஆரம்பித்தார்கள். தும் வந்தது. கொஞ்சம் கழித்து டிரம்ஸ் வந்தது. மூன்றாவது தடவையும் அப்படியே.

"யாரு சார் பிந்தறது?" என்றார் டீச்சர். "ரெண்டு வாரம்தான் இருக்கு. என்னை நம்பிக் குடுத்த மேடை இது."

கண்ணாடிக் கடைக்காரர் பையிலிருந்து மெட்ரோனோமை எடுத்து நாற்காலியில் வைத்தார். அதோடு தனியாக வாசித்துக் காட்டினார். டிக்கும் தும்மும் ஒட்டிக்கொண்டு நடந்தன. பெட்டி பொய் சொல்லாது. மூன்று பேர் கண்ணும் டிரம்ஸ் பக்கம் திரும்பியது.

டைம் கீப்பர் நண்பனையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"நல்லா வாசிக்கிறப்பா. எப்பலேருந்து?"

"ஒரு மாசமா."

"ஓ" என்றார். ஏதோ சொல்ல வந்தவர் டீச்சரைப் பார்த்ததும் மாற்றிக்கொண்டார். "எனக்குக் கொஞ்ச நாள் குடுங்க மேடம். சரி பண்ணிடறேன்."

"நாள் எங்க சார் இருக்கு?"

லிஃப்ட் மெக்கானிக்கின் போனில் டிரம்ஸ் அடிக்கிற செயலி ஒன்று இருந்தது. இந்த விழாவுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம் என்று அவர் மெதுவாகச் சொன்னார். யாரும் மறுக்கவில்லை. அந்த இடத்தில் கண்ணாடிக் கடைக்காரர் வாயைத் திறந்து, 'பிந்தினது நான்தான், இத்தனை வருஷமா நான்தான்' என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் வந்திருந்தார். ஆனால் இப்போது பிந்துவது தான் இல்லை என்று கண்ணுக்கு முன்னால் நிரூபணம் ஆகியிருக்கும்போது எதற்காகச் சொல்ல வேண்டும்? டைம் கீப்பர் குச்சிகளைத் துண்டில் சுற்றிக்கொண்டு, "வர்றேன்பா" என்று அவரிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

உள்ளதைச் சொல்லிவிட வேண்டும்: அன்று வீட்டுக்குப் போகும்போது கண்ணாடிக் கடைக்காரருக்கு நிம்மதியாக இருந்தது. தான் மட்டும் இல்லை, அவனும்தான்! பதினோரு வருஷம் இரண்டு பேரும் சேர்ந்து பிந்தியிருக்கிறோம், அதுதான் யாருக்கும் தெரியவில்லை. புதிர் விடுபட்டது. குற்றம் பாதியாகக் குறைந்தது.

அந்த நிம்மதி அடுத்த ஞாயிறு வரைதான். போன் அடித்த டிரம்ஸோடு வாசித்தார்கள். எதுவும் இடிக்கவில்லை. தலைமையாசிரியரே வந்து கேட்டுவிட்டு, "சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். மேடை உறுதியானது. ஆனால் ஒவ்வொரு பாட்டிலும் கண்ணாடிக் கடைக்காரர் பழக்கத்தில் பின்னால் திரும்பிப் பார்த்தார். அங்கே நாற்காலியில் ஒரு போன் கிடந்தது. யாரிடமும் தலையசைக்காமல் வாசித்து முடிப்பது இவ்வளவு வெறுமையாக இருக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் கடையை ஒரு மணி நேரம் முன்னதாகச் சாத்திவிட்டு, மெட்ரோனோமைப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு டைம் கீப்பர் வீட்டுக்குப் போனார். வழியெல்லாம் பேச்சை ஒத்திகை பார்த்தார். நண்பன் மனம் நோகக்கூடாது. தானும் பிந்தியவன்தான் என்பதை முதலில் சொல்லி, பிறகு மெதுவாக விஷயத்துக்கு வர வேண்டும். இன்னும் ஆறு நாள் இருக்கிறது. கஷ்டப்பட்டால் அவனாலும் முடியும். தன்னால் முடிந்ததே!

கதவைத் திறந்தது டைம் கீப்பரின் மனைவி. மருத்துவமனையில் நர்ஸ். வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் ஒரு காலில் ஷூ, ஒரு கையில் ஷூ. உள்ளே அறையில் தலையணையைக் குச்சியால் அடிக்கிற சத்தம் 'பொத் பொத்' என்று கேட்டது. நின்றது. மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.

"வாங்கண்ணா. உள்ளதான் இருக்கார். ஒரு வாரமா இதேதான். ராத்திரியானா நான் தலைக்கு வைக்கிறதுக்குத் தலையணை இல்ல."

"இருக்கட்டும்மா. அவனைக் கூப்பிட வேண்டாம், சங்கடப்படுவான்" என்று கண்ணாடிக் கடைக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இதை மட்டும் குடுத்துடும்மா. நேரம் பிந்தறது ஒண்ணும் பெரிய குத்தமில்ல. எனக்கும் இருந்தது. பழகினா சரியாயிடும்னு நான் சொன்னேன்னு சொல்லு. எந்தக் கையும் பழகிடும்."

அந்தப் பெண் பொட்டலத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது, உடனே பரிதாபமும் வந்தது.

"அவருக்கு நேரம் ஒண்ணும் பிந்தலண்ணா, பதினோரு வருஷமா நீங்க வந்து சேர்ற வரைக்கும் குச்சியை மேலேயே நிறுத்தி வச்சுப் பழகின கையாம், இப்ப நீங்க சொல்லாம கொள்ளாம நேரத்துக்கு வர ஆரம்பிச்சுட்டீங்களாம், அதான் கீழ இறங்க மாட்டேங்குதாம்!"